உடைத்துப் பார்க்காத சில்லு

லென்ஸக்கா என்பது அலுவலகம் வைத்த பெயர். கழுத்தில் கறுப்புக் கயிற்றில் கட்டைவிரல் அளவு லென்ஸ் ஒன்று எப்போதும் தொங்கும். கடைக்கு அரிசி வாங்கப் போனாலும் நாலு மணியை உள்ளங்கையில் போட்டு, லென்ஸை வைத்துப் பார்த்துவிட்டுத்தான் பையை நீட்டுவார். அவரைத் தெருமுனையில் கண்டாலே கடைக்காரர் பழைய மூட்டையை உள்ளே தள்ளிவிடுவார் என்று அவருடைய கணவர் சொல்வார். அவர் மட்டும் என்ன வாழ்ந்தாராம்? அவர் கடிகாரம் பழுதுபார்ப்பவர். காலையில் கண்ணில் செருகிய லென்ஸைச் சாப்பாட்டு வேளையில்தான் கழற்றுவார். "இது என்ன குடும்பமோ, ஆளுக்கு அரைக்கண்ணால பாத்துக்குது" என்று கல்யாணமான புதிதில் நாத்தனார் கேலி செய்தது உண்டு.

அக்காவுக்கு வேலை எண்ணெய் தேடும் துறையின் மாதிரிக் கிடங்கில். நிலத்தைத் துளையிடும்போது பாறை நொறுங்கிச் சேற்றோடு மேலே வரும். அதை அலசி, உலர்த்தி, ஐந்து மீட்டருக்கு ஒரு பொட்டலமாகக் கட்டி அனுப்புவார்கள். அரிசிக் குருணை அளவுள்ள அந்தச் சில்லுகளை நுண்ணோக்கியில் பார்த்து, இது மணற்கல், இது களிமண் பாறை, இதில் எண்ணெய் வாடை உண்டு, இதில் இல்லை என்று பதிவேட்டில் எழுத வேண்டும். முப்பத்து மூன்று வருடமாக இதுதான் அவர் பிழைப்பு. பெரிய படிப்புப் படித்தவர்கள் வருவார்கள், கணினியில் வண்ண வண்ணமாகப் படம் போடுவார்கள். அந்தப் படங்களெல்லாம் கடைசியில் இவர் எழுதிய ஒரு வரியின் மேல்தான் உட்கார்ந்திருக்கும். இது அவருக்கும் தெரியும். கொஞ்சம் கர்வமும் உண்டு, இல்லையென்று சொன்னால் பொய்.

எண்ணெய் பட்ட சில்லைப் புற ஊதா விளக்கின் கீழே வைத்தால் மின்னும். அதில் ஒரு சங்கடம். துளைக்குழாய்களை ஒன்றோடொன்று திருகும்போது மரையில் கிரீஸ் தடவுவார்கள். அந்தக் கிரீஸ் சில்லில் ஒட்டிக்கொண்டு வந்தாலும் அதே மாதிரி மின்னும். எது எண்ணெய், எது கிரீஸ் என்று அறிய ஒரே வழி, சில்லை ஊசியால் உடைத்து, உட்புறம் மின்னுகிறதா என்று பார்ப்பது. பிறகு ஒரு சொட்டுக் கரைப்பான். உள்ளே எண்ணெய் இருந்தால் அது மெல்லிய நூலாகப் பிரிந்து ஓடிவரும். வெளியில் மட்டும் மின்னினால் கிரீஸ், வேலை முடிந்தது. இதற்கென்று பதிவேட்டில் தனிக் கட்டம் உண்டு: உடைத்துப் பார்த்ததா? பார்த்திருந்தால் ஒரு சரிக்குறி.

அக்காவின் மேசைக்கு நேர் எதிரே, சுவரில் அவர் கையெழுத்திலேயே ஓர் அட்டை தொங்கியது. "உடைத்துப் பார்க்காமல் எழுதாதே." வெயிலில் பழுத்துப்போன அந்த அட்டையை ஏன், எப்போது எழுதினார் என்று யாரும் கேட்டதில்லை. அவர் குணம் அப்படி என்று விட்டுவிட்டார்கள்.

அந்தக் குணத்தில் மாட்டிக்கொண்டு முழித்தவர் ஒருவர் உண்டு. பத்தொன்பது வருடங்களுக்கு முன்னால் புதிதாக வேலைக்குச் சேர்ந்த இளம் நிலவியலாளர். எதைச் சொன்னாலும் "சாவகாசமா பாப்போம்" என்பார். அதனால் அவருக்குச் சாவகாசம் என்றே பெயர் நிலைத்துவிட்டது. ஒருநாள் அவர் முப்பது பொட்டலத்துக்குச் சரிக்குறி போட்டிருந்தார். அக்கா பொட்டலங்களைப் பிரித்துப் பார்த்தால், உடைந்த சில்லு ஒன்றுகூட இல்லை. கையும் களவுமாகப் பிடித்தாயிற்று. அக்காவே உட்கார்ந்து முப்பதையும் உடைத்துப் பார்த்தார். சாவகாசம் எழுதியதில் ஒரு எழுத்துகூடத் தப்பில்லை.

"நான் எழுதினது சரிதானேக்கா?" என்று அவர் கெஞ்சினார்.

"சரியா இருக்கிறது வேற, பாத்து எழுதறது வேற" என்று அக்கா மேலிடத்துக்கு எழுதிக் கொடுத்துவிட்டார்.

இனி மாதிரிப் பதிவேட்டில் அவர் கையெழுத்துப் போடக்கூடாது என்று உத்தரவு வந்தது. வரைபட அறைக்கு மாற்றினார்கள். பதவி உயர்வு மூன்று வருடம் தள்ளிப்போனது. "சின்னப் பையன், ஒரு அதட்டு அதட்டி விட்டிருக்கலாம்" என்று மற்றவர்கள் முணுமுணுத்தார்கள். அக்கா காதில் வாங்கவில்லை.

அந்தச் சாவகாசம்தான் இப்போது மதிப்பீட்டுக் குழுவின் தலைவர். மொத்தப் படிவுப் பகுதியிலும் எங்கே எண்ணெய்க்கும் எரிவாயுவுக்கும் வாய்ப்பு இருக்கிறது, எங்கே இல்லை என்று கணித்துச் சொல்லும் பொறுப்பு. வரைபட அறையில் தள்ளப்பட்ட வருடங்களில் மனுஷன் சும்மா இருக்கவில்லை, கணக்கில் புலியாகிவிட்டார். முன்னே இருந்த சோம்பல் போய் நிதானம் மட்டும் மிஞ்சியிருந்தது.

ஒரு திங்கட்கிழமை காலை. அக்கா ஓய்வுபெற இன்னும் இரண்டே மாதம். கூட்ட அறையில் நீள மேசை முழுக்க வரைபடம் விரித்திருந்தது. பழைய பதிவேடுகளைத் தூக்கிக்கொண்டு போன அக்காவையும் உட்காரச் சொல்லிவிட்டார் சாவகாசம்.

"மேற்கு மடிப்புக்கு நாலு கேள்வி" என்று அவர் குழுவுக்கு விளக்கினார். "எண்ணெய் தங்க நுண்துளைப் பாறை இருக்கா? இருக்கு. மேல மூடி இருக்கா? இருக்கு. ஓடிப்போகாம பிடிச்சு வைக்க பாறை வளைஞ்சு மடிஞ்சிருக்கா? அழகா மடிஞ்சிருக்கு. கடைசிக் கேள்வி, எண்ணெய் அந்தப் பக்கம் எப்பவாவது வந்துச்சா? நாலையும் பெருக்கணும். ஒண்ணு பூஜ்யமானா மொத்தமும் பூஜ்யம்."

"அந்தப் பக்கம் ஒரே ஒரு கிணறுதானே சார் போட்டிருக்கு?" என்று ஒருவர் கேட்டார்.

"ஒண்ணே ஒண்ணு. பதினோராம் கிணறு, இருபத்தாறு வருஷம் முன்னாடி. ஒரு இடத்துல மின்னியிருக்கு. ஆனா கிரீஸ்னு எழுதியிருக்கு. மேற்கொண்டு ஆராயாம சிமெண்ட் ஊத்தி மூடிட்டாங்க."

"கிரீஸ்தான்னு எப்படி நம்புறது?"

சாவகாசம் சிரித்தார். "எழுதினது யாருன்னு பாருங்க. அக்கா. சரிக்குறி இருக்கு. அவங்க சரிக்குறி போட்டா உடைச்சுப் பாத்திருப்பாங்க. வேற யார்கிட்டயும் இப்படிக் கண்ணை மூடிக்கிட்டு நம்பமாட்டேன். நான் பட்டுத் தெரிஞ்சுக்கிட்டவன்."

எல்லோரும் சிரித்தார்கள். அக்காவும் சிரித்தார். பதினோராம் கிணற்றின் பதிவேட்டை மட்டும் தன் பக்கம் இழுத்து வைத்துக்கொண்டார்.

மேற்கு மடிப்பைச் சாம்பல் நிறத்தில் பூசிவிடலாம் என்று முடிவானது. சாம்பல் என்றால் வாய்ப்பில்லை, இனி அங்கே யாரும் தேடமாட்டார்கள். வெள்ளிக்கிழமை அறிக்கை மேலிடத்துக்குப் போகும். அப்படியே, இடநெருக்கடி காரணமாக, சாம்பல் பகுதிக் கிணறுகளின் பொட்டலங்களைக் கழித்துக் கொட்டிவிடவும் ஒப்புதல் கேட்டிருந்தார்கள்.

மற்றவர்கள் போனபிறகு அக்கா பதினோராம் கிணற்றின் பதிவேட்டைத் திறந்தார். ஆயிரத்து எண்ணூற்று நாற்பது மீட்டர். மணற்கல். மின்னுகிறது. கிரீஸ். பக்கத்துக் கட்டத்தில் சரிக்குறி. அதற்கு மேலும் கீழும் சேர்த்து மொத்தம் பன்னிரண்டு சரிக்குறிகள், ஒரே சாய்வில், ஒரே மூச்சில் போட்டவை. மற்ற பக்கங்களில் ஒவ்வொரு குறியும் ஒவ்வொரு மாதிரி இருக்கும், ஏனென்றால் ஒவ்வொன்றுக்கும் நடுவில் ஊசியை எடுத்து, உடைத்து, பார்த்து, மறுபடி பேனாவை எடுத்திருப்பார். கணக்கில் புலியான சாவகாசம் இதைக் கவனிக்கவில்லை. நம்பிக்கை வந்துவிட்டால் மனுஷனுக்குக் கண் தெரியாது போலும்.

அன்று நடந்தது அக்காவுக்கு நேற்று நடந்தது மாதிரி நினைவிருந்தது. துளையிடும் இடத்திலேயே தகரக் கொட்டகையில் வேலை. மகளுக்கு எட்டு மாதம். குழந்தையை நாத்தனாரிடம் விட்டுவிட்டு வந்து ஆறு நாளாயிற்று. வாரத்துக்கு ஒருமுறைதான் ஜீப் ஊருக்குப் போகும், சனிக்கிழமை நாலு மணிக்கு. மூன்றரைக்கு இன்னும் பன்னிரண்டு பொட்டலம் பாக்கி. பால் கட்டி நெஞ்சு கல்லாகி, சட்டை நனைந்து, அதை மறைக்கத் துண்டைப் போர்த்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். விளக்கின் கீழே சில்லுகள் மின்னின. "குழாய்க்கு இப்பத்தான் கிரீஸ் போட்டோம், அதாத்தான் இருக்கும்" என்று துளையிடும் மேஸ்திரி எட்டிப் பார்த்துச் சொன்னார். வெளியே ஜீப் ஹாரன் அடித்தது. அக்கா கிரீஸ் என்று எழுதி, பன்னிரண்டு சரிக்குறியையும் ஒரே இழுப்பில் போட்டுவிட்டு ஓடினார்.

விடுப்பு முடிந்து திரும்பிவந்தபோது கிணற்றுக்குச் சிமெண்ட் ஊற்றியிருந்தார்கள். அந்த வாரம்தான் அந்த அட்டையை எழுதினார். தனக்காக எழுதிய அட்டை அது. ஏழு வருடம் கழித்துச் சாவகாசத்தைப் பிடித்தபோது அவ்வளவு கோபம் வந்ததற்கும் காரணம் அதுதான். அவர் முகத்தில் தன் முகத்தைப் பார்த்துவிட்டார், அதைத் தாங்க முடியவில்லை.

மறுநாள் காலை, கணவர் கடை திறக்குமுன் தேநீர் குடித்துக்கொண்டிருந்தபோது எல்லாவற்றையும் சொன்னார். கல்யாணமாகி முப்பது வருடத்தில் இதை அவரிடம்கூடச் சொன்னதில்லை.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். பிறகு, "கிரீஸாவே இருந்தா?" என்றார்.

"இருக்கலாம். நூத்துக்குத் தொண்ணூறு கிரீஸ்தான்."

"அப்ப விட்டுரு. ரெண்டு மாசம்தான். மாலை போட்டு அனுப்புவாங்க, வாங்கிட்டு வா."

"மீதிப் பத்து?"

"நீதான் தொண்ணூறுன்னு சொன்ன."

"ஒருத்தர் கடிகாரம் கொண்டுவந்து தர்றாரு. நீங்க திறந்தே பாக்காம, நல்லா இருக்குன்னு குடுத்துடுறீங்க. அது ஓடவும் செய்யுது. உங்களுக்கு எப்படி இருக்கும்?"

"மறுபடி அது நின்னு, அந்த ஆளு கடைக்கு வர்ற வரைக்கும் நல்லாத்தான் இருக்கும்" என்றார் அவர். சொல்லிவிட்டு அக்காவின் முகத்தைப் பார்த்தார். "நீ இப்படி முழிச்சுக்கிட்டு உக்காந்தா டம்ளரே பயந்துரும். போ. போய் என்னன்னு பாத்துட்டு வா. பாத்தாத்தான் உனக்குத் தூக்கம் வரும்."

மதிய இடைவேளையில் கிடங்கில் யாரும் இல்லை. இருபத்திரண்டாம் அலமாரி, கீழ்த்தட்டு. ஆயிரத்து எண்ணூற்று நாற்பதாம் மீட்டர்ப் பொட்டலத்தின் நூல் மக்கியிருந்தது. அக்கா விளக்கைப் போட்டு, கருப்புத் திரையை இழுத்துவிட்டு, சில்லுகளைத் தட்டில் கொட்டினார். நூற்றுக்கணக்கான சில்லுகளில் மின்னியவை மூன்றுதான். மூன்றே மூன்று.

ஊசியை எடுத்து முதல் சில்லின்மேல் வைத்தார். அப்போது ஒரு நினைப்பு வந்தது, நியாயமான நினைப்பு மாதிரியே வந்தது. இப்போது யாருக்கும் சொல்லாமல் உடைத்துப் பார்க்கலாம். கிரீஸ் என்றால் பொட்டலத்தைக் கட்டி வைத்துவிடலாம், எழுதியது சரியாகவே இருக்கும். எண்ணெய் என்றால் மட்டும் போய்ச் சொன்னால் போதும். எந்த நஷ்டமும் இல்லை.

ஊசி அப்படியே நின்றது. கிரீஸ் என்றால் சொல்லாமல் விடலாம் என்றால், அன்று அந்தப் பையன் கெஞ்சியது என்ன? அதே பேச்சுத்தானே. அவனுக்கு ஒரு நியாயம், தனக்கு ஒரு நியாயமா? கரைப்பான் பட்ட சில்லை இரண்டாம் முறை சோதிக்கவும் முடியாது. ஒருமுறை உடைத்தால் உடைத்ததுதான்.

அக்கா ஊசியைக் கீழே வைத்தார். தட்டைக் கண்ணாடித் தட்டால் மூடினார். பதிவேட்டை மார்போடு அணைத்துக்கொண்டு மாடிப்படி ஏறினார். இருபத்துநாலு படி. நடுவில் இரண்டு முறை நின்றார், மூச்சு வாங்கியது என்று தனக்கே சாக்குச் சொல்லிக்கொண்டார்.

சாவகாசம் சாப்பாட்டுப் பாத்திரத்தை மூடிக்கொண்டிருந்தார். "வாங்கக்கா, உக்காருங்க."

அக்கா உட்காரவில்லை. பதிவேட்டைத் திறந்து அவர் முன்னால் வைத்தார். "இந்தப் பன்னிரண்டு குறியையும் பாருங்க சார்."

அவர் பார்த்தார். முதலில் ஒன்றும் புரியவில்லை. பிறகு விரலால் ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டே வந்தார். ஏழாவது குறியில் விரல் நின்றது. வரைபட அறையில் இத்தனை வருடம் கோடுகளையே பார்த்த கண், ஒரே இழுப்பில் போட்ட கோடு எது என்று அதற்குத் தெரியாதா?

"உடைக்கலையா?"

"உடைக்கல. ஜீப்புக்கு நேரமாச்சு. குழந்தை வீட்ல இருந்துச்சு. காரணம் இருந்துச்சு, ஆனா உடைக்கல."

அவர் பக்கத்தின் தலைப்பில் இருந்த தேதியைப் பார்த்தார்.

"இது நான் வர்றதுக்கு முன்னாடியே நடந்தது, இல்லையா?" என்று கேட்டார் அவர்.

"உங்களைப் பிடிக்கிறதுக்கு ஏழு வருஷம் முன்னாடி."

"அப்புறமும் என்னைப் பத்தி எழுதிக் குடுத்தீங்க."

"ஆமா."

"எனக்கு மூணு வருஷம் போச்சுக்கா. அப்பா என்கிட்ட ஆறு மாசம் முகம் குடுத்துப் பேசல. எம்மேல தப்புன்னு நானும் இருந்துட்டேன். தப்புத்தான். ஆனா உங்களை மாதிரி ஆகணும்னு வைராக்கியமா இருந்தேன். உங்களை மாதிரின்னு." அவர் குரல் உயரவே இல்லை. உயர்ந்திருந்தால் அக்காவுக்குக் கொஞ்சம் லேசாக இருந்திருக்கும்.

"அதையும் சொல்லத்தான் வந்தேன். உங்களுக்கு நான் பண்ணது..." அக்கா பதிவேட்டைத் தன் பக்கம் திருப்பிக்கொண்டார். "மன்னிக்கணும்னு கேக்க வரல. சில்லு மூணு மிஞ்சியிருக்கு. உங்க கண் முன்னாடி உடைக்கணும். அதுக்குத்தான் கூப்பிட வந்தேன்."

மன்னித்தேன் என்று அவர் சொல்லவில்லை. நாற்காலியை மெல்லப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். "வாங்க பாப்போம்" என்று முன்னால் நடந்தார்.

கருப்புத் திரைக்குள் இருவரும் தலையை நீட்டினார்கள். முதல் சில்லு. அக்கா அழுத்தினார், டிக் என்று பிளந்தது. வெளிப்புறம் நீலமும் வெள்ளையுமாக மின்னியது, உட்புறம் இருட்டு. கிரீஸ். இரண்டாவது சில்லு, அதுவும் இருட்டு. தப்பித்தோம் என்ற நினைப்பு வந்ததற்காக அக்காவுக்கே வெட்கமாக இருந்தது.

மூன்றாவது, மூன்றிலும் சின்னது. ஊசி இரண்டு முறை வழுக்கியது. மூன்றாம் முறை உடைந்தது. வெளியே அதே நீல வெள்ளை. உள்ளே, மணல்மணிகளுக்கு நடுவே, ஊசிமுனை அளவு பொன் புள்ளிகள்.

அக்கா கரைப்பானை ஒரு சொட்டு விட்டார். புள்ளிகள் ஒரு கணம் அசையாமல் இருந்தன. பிறகு அவற்றிலிருந்து பால் நிறத்தில் மெல்லிய நூல்கள் கிளம்பி, தட்டின் குழியில் பரவி ஓடின. கிரீஸ் இருந்தது உண்மை. அதற்கு அடியில் எண்ணெயும் இருந்தது.

"வந்திருக்கு" என்றார் சாவகாசம், சத்தமே வராமல்.

"வந்திருக்கு. தங்கியிருக்கான்னு தெரியாது. போற வழியில கறை பட்டதாக்கூட இருக்கலாம்."

"அது எனக்குத் தெரியும்கா. ஆனா பூஜ்யம் இல்ல. சாம்பல் பூச முடியாது."

திரையை விலக்கியபோது வெளிச்சத்தில் கண் கூசியது. அக்கா பழைய வரியை அடிக்கவில்லை. அதன் கீழே சிவப்பு மையில் எழுதினார்: "அன்று உடைத்துப் பார்க்கவில்லை. பார்த்ததாகக் குறித்தது பொய். இன்று மூன்று சில்லை உடைத்தேன். ஒன்றில் எண்ணெய்." தேதி போட்டார். கையெழுத்து யாருடையதோ போல வந்தது. பதிவேட்டைத் திருப்பி அவர் பக்கம் வைத்துப் பேனாவை நீட்டினார். "சாட்சி போடுங்க."

அவர் பேனாவைத் தொடவில்லை. "இந்தப் பதிவேட்டுல நான் கையெழுத்துப் போடக்கூடாதுன்னு உத்தரவு இருக்கு. இன்னும் யாரும் ரத்து பண்ணல. நீங்க வாங்கிக் குடுத்த உத்தரவு."

"வாங்கிக் குடுத்தவதான் சொல்றேன். போடுங்க தம்பி."

தம்பி என்று அவரை அழைத்துப் பத்தொன்பது வருடம் ஆகியிருந்தது. அவர் பேனாவை வாங்கினார். அந்த நாலு வரியையும் இரண்டு தடவை படித்தார். பிறகு தன் பெயரை முழுதாக, ஒவ்வொரு எழுத்தாக எழுதினார். மை காய்கிறவரை பதிவேட்டை மூடவும் விடவில்லை.

"அன்னைக்கு மொத்தம் பன்னிரண்டு பொட்டலம்" என்றார். "ஒண்ணுதான் பாத்திருக்கோம்."

"மத்தது பதினொண்ணும் அந்த அலமாரியிலதான் இருக்கு. நான் நாளைக்கு..."

"நாளைக்கு எதுக்கு? எடுங்க." அவர் சட்டைக் கையை மடித்து, மேசையின் எதிர்ப்பக்கத்து நுண்ணோக்கியின் முன்னால் உட்கார்ந்தார். முன்பு அவர் உட்கார்ந்திருந்த அதே இடம். தலைக்கு மேலே அந்த அட்டை. "வெள்ளிக்கிழமைக்கு மூணு நாள்தான் இருக்கு. ரெண்டு பேரா உடைச்சா முடிச்சிரலாம்."

அக்கா பொட்டலங்களைச் சுமந்துவந்து நடுவில் அடுக்கினார். ஆளுக்கொரு ஊசி, ஆளுக்கொரு தட்டு. உடைத்து, பார்த்து, எழுதி, ஒருவர் எழுதியதை மற்றவர் சரிபார்த்தார்கள். பேச்சு அதிகமில்லை. பழையபடி இனிமேல் ஆகுமா என்று அக்காவுக்குத் தெரியவில்லை. ஆகாமலும் போகலாம். ஐந்து மணிக்கு வாசலில் அலுவலக வண்டி இரண்டு முறை ஹாரன் அடித்தது.

"அக்கா, வண்டி வந்திருச்சு" என்றார் சாவகாசம்.

அக்கா லென்ஸிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போகட்டும் தம்பி" என்றார். "இன்னும் இதை உடைக்கல."